பதினோராவது ஷரத்து

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய் ஓயாது. பல் தேய்க்கிற நேரம் மட்டும்தான் பேச மாட்டான் என்று அவன் அம்மா சொல்வாள். அதுவும் பொய், அப்போதும் ஏதோ முனகிக்கொண்டுதான் இருப்பான். கம்பெனியில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அப்படிப்பட்டவனை, ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி ஐந்து நாள் மூச்சு விடக் கூடாது என்று பங்குச் சாமியார் வாயைக் கட்டிப் போட்டார். பாவம், அந்த ஐந்து நாளும் அவன் பட்ட பாடு இருக்கிறதே!

கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் சும்மாவா? ஞானஸ்நான சர்டிபிகேட் வேண்டும். திருமணத் தயாரிப்பு வகுப்பு மூன்று நாள் போய்வந்த சான்று வேண்டும். அதற்கும் மேலே, சாமியார் மாப்பிள்ளையைத் தனியாகவும் பெண்ணைத் தனியாகவும் உட்காரவைத்து, வேதாகமத்தின் மேல் கை வைக்கச் சொல்லி விசாரிப்பார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா, எதையாவது மறைக்கிறாயா, குழந்தை வேண்டாம் என்ற எண்ணமா என்று ஒன்றுவிடாமல் கேட்பார். அது முடிந்தால்தான் பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பதற்குப் பெயர்தான் ஓலை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் பங்கு அலுவலகத்தில், ஒரு பக்கம் கதவு சரியாகச் சாத்தாத இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில், மெக்கானிக் வேதாகமத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேள்விக்கு ஒரு வரி போதும் என்றால் இவன் ஒன்பது வரி சொன்னான். சாமியாருக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினார்.

"இந்தக் கல்யாணத்துக்கு ஏதாவது நிபந்தனை வெச்சிருக்கீங்களா, தம்பி?"

"இருக்கு ஃபாதர்!" என்றான் மெக்கானிக், நெஞ்சை நிமிர்த்தி. "ஃபைல்லயே வெச்சிருக்கோம் பாருங்க. கடைசிக் காகிதம். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம், சாட்சிக் கையெழுத்தும் இருக்கு."

சாமியாரின் பேனா நின்றது. மூக்கு உறிஞ்சுவதும் நின்றது.

ஃபைலில் அந்தக் காகிதம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பெண் ஒரு பல் மருத்துவமனையில் பல்செட் செய்கிறவள். பல் அச்சில் முடியளவு குமிழி இருந்தாலும் டாக்டரிடமே திருப்பி அனுப்பி, "மறுபடி எடுங்க சார்" என்பாள். டாக்டர் அவளுக்கு வைத்த பெயர் கறார். பெயர் அவளுக்கு அப்படியே பொருந்திவிட்டதால் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஒருநாள் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. கையில் பல்செட் தட்டோடு உள்ளே மாட்டிக்கொண்டவள் அவள். வெளியே நின்று கதவைத் திறக்கப் போராடியவன் இவன். நாற்பது நிமிஷம் வாய் மூடாமல் அவளுக்குத் தைரியம் சொன்னான். கதவு திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "கொஞ்சம் மூச்சு விடுங்க" என்பது. ஆள் அன்றைக்கே விழுந்துவிட்டான்.

திருமணத் தயாரிப்பு வகுப்பில் இரண்டாம் நாள் ஒரு வக்கீலம்மா வந்து பேசினார். "மனசுல இருக்கிறதைக் கல்யாணத்துக்கு முன்னாடியே பேசித் தீத்துக்குங்க. மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்துக்கு 'எங்க கல்யாணம் செல்லாதுன்னு அறிவிங்க'ன்னு வர்றவங்கள்ல பாதிப் பேரு, பேச வேண்டியதைப் பேசாம கோவில்ல வந்து நின்னவங்க" என்றார். மற்ற ஜோடிகள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். கறார் போகவில்லை. வகுப்பு முடிந்த கையோடு, கோவில் தோட்டத்து பெஞ்சில் மாப்பிள்ளையை உட்காரவைத்து ஒப்பந்தம் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

பதினோரு ஷரத்துகள். ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடக் கூடாது என்று ஒன்று. அவன் அம்மா செய்தி பார்க்கும்போது டிவி சத்தம் எத்தனை வரை போகலாம் என்று ஒன்று. அவள் படித்துக்கொண்டிருக்கும்போது அவன் வந்து கதை அளக்கக் கூடாது என்பது நாலாவது. பத்தாவது வரை சிரித்துக்கொண்டே எழுதியவள் பதினோராவதை எழுதும்போது சிரிக்கவில்லை. "கணவரோ அவர் வீட்டாரோ என்னை வேலையை விடச் சொன்னால் இந்தத் திருமணம் நடக்கவில்லை என்று கொள்ளப்படும்."

அதற்குக் காரணம் அவள் அக்கா. அக்கா நர்ஸ். அவளைக் கட்டிக்கொண்டவர் கல்யாணத்துக்கு முன்னால், வேலைக்குப் போகலாம், தாராளமாகப் போகலாம் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. கல்யாணமாகி மூன்றாம் மாதம், "எதுக்கு வீணா அலையறே?" என்று ஆரம்பித்தார். ஆறாம் மாதம் அக்காவின் வெள்ளைச் சீருடை பெட்டிக்குள் போய்விட்டது. ஏழு வருஷமாக அங்கேயே கிடக்கிறது. பதினோராவது ஷரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவளும் அந்த அக்காதான்.

மெக்கானிக் யோசிக்கவே இல்லை. இவளை வேலைக்குப் போகாதே என்று தான் சொல்லப் போவதில்லை, பிறகென்ன என்று ஒரே கிறுக்கலாகக் கையெழுத்துப் போட்டான். வக்கீலம்மா சொன்னதை இவ்வளவு ஒழுங்காகச் செய்தவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்ற பெருமையில் காகிதத்தை ஃபைலோடு சேர்த்தும் வைத்தார்கள். செல்லாத கல்யாணம் ஆகிவிடக் கூடாதே என்று இவ்வளவு பாடுபட்டு, அதைச் செல்லாததாக்கும் காகிதத்தைத் தங்கள் கையாலேயே எழுதிக்கொண்டு வந்த ஜோடியை என்னவென்று சொல்ல!

சாமியார் வராந்தாவில் இருந்த கறாரையும் உள்ளே கூப்பிட்டார்.

"பத்து ஷரத்து நல்லாவே இருக்கு. அதுலயும் அந்த நாலாவது ரொம்பப் பிரமாதம்" என்றார். "பதினொண்ணு இருக்கிற வரைக்கும் நான் கல்யாணம் நடத்தி வைக்க முடியாது. நாளைக்கு இப்படி நடந்தா இது கல்யாணமே இல்லன்னு மனசுல வெச்சுக்கிட்டு ஒருத்தர் 'சம்மதம்'னு சொன்னா, அது சம்மதமே ஆகாது. மோதிரம் மாத்தினாலும் கேக் வெட்டினாலும், சட்டப்படி அங்கே கல்யாணம் நடக்கல."

"வேலைக்குப் போகணும்னு நான் கேக்கறது தப்பா, ஃபாதர்?" கறாரின் குரல் ஏறியது.

"தப்பே இல்லம்மா. வாக்குறுதியா வாங்கிக்க, எழுதிக்கூட வாங்கிக்க. அது மீறினா கல்யாணமே இல்லன்னு மட்டும் சொல்லாதே. அந்த நீதிமன்றத்துல ஒன்பது வருஷம் உக்காந்திருந்தேன். செல்லாத கல்யாணத்தைப் பிரிச்சுப் பிரிச்சுப் படிச்சவன் நான். என் கையால இன்னொண்ணு நடத்தி வைக்க மாட்டேன்."

"அவ்வளவுதானே ஃபாதர்? அந்த ஒரு வரியை அடிச்சிடறோம்" என்று மெக்கானிக் பேனாவுக்குக் கை நீட்டினான்.

சாமியார் பேனாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "காகிதத்துல அடிச்சா போதாது தம்பி, மனசுல அடிக்கணும். அதுவும் யாரோ நெருக்கினாங்கன்னு அடிச்சா, அதுவே இன்னொரு கோளாறு. அதனால ரெண்டு வீட்டுலயும் ஒருத்தரும் இந்தப் பொண்ணுகிட்ட இதைப் பத்திப் பேசக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவளா வந்து அவ முடிவைச் சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை முதல் ஓலை வாசிக்கலன்னா, மூணு ஓலையும் முடியறதுக்குள்ள தவக்காலம் வந்துடும். இந்தக் கோவில்ல அந்த நாப்பது நாளும் கல்யாணம் கிடையாது, தெரியுமில்ல?" பிறகு மெக்கானிக்கை ஒரு பார்வை பார்த்தார். "யாரும் பேசக் கூடாது. முக்கியமா நீ."

தேதி தள்ளிப்போவதைப் பற்றி அவன் பயப்படவில்லை. அந்த ஒரு வரி இல்லாமல் அவள் தன்னை நம்பி வருவாளா என்பதுதான் பயம். வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டால்?

வீட்டில் விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், அம்மா பொங்கி எழுந்தாள். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது, ஊரெல்லாம் கூப்பிட்டாகிவிட்டது. "ஒரு ஃபோன் போடறேன். நாங்க யாரு உன் வேலையைத் தடுக்கறதுக்குன்னு நாலு வார்த்தை நல்லதா சொல்றேன். அதுல என்னடா தப்பு?"

"ஒரு வார்த்தைகூடக் கூடாதும்மா. நல்லதா சொன்னாலும் அது நெருக்கறதுதான்." அவன் ஃபோனைப் பிடுங்கித் தன் கருவிப் பைக்குள் போட்டுப் பூட்டினான். பேசக் கூடாது என்று இவன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அம்மா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

செவ்வாயும் புதனும் கறாரை எப்போதும் போல மருத்துவமனைக்கு எதிர்க்கடையில் டீ நேரத்தில் சந்தித்தான். பேசினான், பேசாமல் இருப்பானா? லிஃப்ட் கம்பியில் எத்தனை இழை அறுந்தால் மாற்ற வேண்டும் என்று விலாவாரியாகச் சொன்னான். கதவின் சென்சாரில் எறும்பு புகுந்து ஒரு ஹோட்டலையே படியேற வைத்த கதையைச் சொன்னான். அவள் டீயை ஆற்றிக்கொண்டே அவன் முகத்தையே பார்த்தாள்.

"வேற ஒண்ணும் கேக்கணும்னு இல்லையா?" என்றாள் புதன்கிழமை.

கேக்கணும், தொண்டை வரைக்கும் வந்து நிக்குது, கேக்கலன்னா செத்தே போயிடுவேன் போலிருக்கு என்று சொல்ல நினைத்தான். "ஒண்ணும் இல்ல. ஆமா, அந்த எறும்பு இருக்கே..." என்றான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, கோபத்தையா என்று அவனுக்கு விளங்கவில்லை. அன்றைக்கு முழுக்க அதையே நினைத்து உருகினான்.

வியாழக்கிழமை அம்மா கம்பி நீட்டிவிட்டாள். ஆறு வருஷமாகக் கீழ்த் தாடையில் இரண்டு பல் இல்லை. அதற்கு இதுவரை பல்செட் வேண்டும் என்று ஒருநாளும் தோன்றாதவளுக்கு, அன்றைக்குக் காலையில் திடீரென்று தோன்றியது. மத்தியானம் மகன் வீட்டுக்கு வந்தபோது அம்மா நாற்காலியில் ஒரு மாதிரி உட்கார்ந்திருந்தாள். கேட்காமலே கொட்டிவிட்டாள்.

"நான் பேசத்தான்டா போனேன், மறைக்க மாட்டேன். 'அம்மா, நான் உன்கிட்ட ஒண்ணு'ன்னு வாயைத் திறந்தேன். டாக்டருக்குக்கூடக் காத்திருக்காம, திறந்த வாய்க்குள்ள அச்சு எடுக்கற அந்தப் பசைத் தட்டை அவளே வெச்சு அழுத்திட்டா! 'மூணு நிமிஷம் அசையக் கூடாது அத்தை, அசைஞ்சா அச்சு கெட்டுப்போகும்'னுட்டா. எடுத்துப் பாத்துட்டு, 'குமிழி இருக்கு அத்தை, இன்னொரு தடவை'ன்னுட்டா. அப்படியே மூணு தடவைடா!"

மெக்கானிக்குக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதே, கேளு. நான் அப்படி வாயடைச்சு உக்காந்திருக்கேன், பக்கத்து நாற்காலியில ஒரு பெரியவர். ரிட்டயரான பஸ் கண்டக்டராம். புதுப் பல்செட் ஈறுல குத்துதுன்னு கண்ணுல தண்ணி வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. இவ அதை எடுத்துட்டுப் போயி ஒரு இடத்துல லேசா ராவினா. மாட்டிப் பாத்தா. மறுபடி எடுத்தா, ராவினா. நாலு தடவை. முகம் சுளிக்கணுமே! அப்புறம் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துக் கடிங்க ஐயான்னா. 'கடக்'னு சத்தம் கேட்டுது பாரு. அந்த மனுஷன் ஒரு வருஷத்துக்கு அப்புறம் பிஸ்கட் கடிக்கறாராம். சிரிக்கறாரு, அழறாரு, அவ கையைப் பிடிச்சிக்கிட்டு விடவே மாட்டேங்கறாரு. எனக்கும் அழுகை வந்துடுச்சு, வாயில பசையோட." அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்படி ஒரு கையை வீட்டுல உக்காருன்னு சொல்றவன் எவன்டா? சொன்னா நான் சும்மா விடுவேனா?"

அவன் துள்ளி எழுந்தான். இதை இப்போதே ஓடிப்போய் அவளிடம் சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது! வாசல் வரை போனவன் செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி நின்றான். சொல்லக் கூடாது. ஜெயிக்கிற சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு ஆடாதே என்றால் யாரால் முடியும்? நின்ற இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றினான். அவளாக வர வேண்டும். நான் போய் இழுத்துக்கொண்டு வந்தால் பாதி மனசோடு வருவாள், எனக்குப் பாதி மனசு வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினான். அம்மாவிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினான். தன் வாழ்நாளில் இதைவிடக் கஷ்டமான வேலையை அவன் செய்ததில்லை, இருபத்திரண்டு மாடி லிஃப்ட்டின் உச்சியில் தொங்கியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் அவன் பேசவே இல்லை. எதைத் தொட்டாலும் அம்மாவின் கதை வாயில் வந்துவிடும் என்ற பயத்தில் டீயைக் குடித்துவிட்டு டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். கறாரும் பேசவில்லை. போகும்போது மட்டும், "நாளைக்கு அஞ்சு மணிக்கு" என்றாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கறார் முதலில் உள்ளே போனாள். மெக்கானிக் வராந்தா பெஞ்சில். பத்து நிமிஷம் ஆனது. இருபது ஆனது. உள்ளே ஒரு தடவை சாமியார் தும்மிய சத்தம் கேட்டது, வேறொன்றும் இல்லை. பாடகர் குழு பயிற்சிக்கு வந்த பெண்கள் இவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். நாற்பது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "உள்ள போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். செத்தேன் என்று நினைத்துக்கொண்டே இவன் உள்ளே போனான்.

சாமியார் விசாரணையை முதலிலிருந்து ஆரம்பித்தார். பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம் வாங்கிய கோவில், அப்பா பெயர், அம்மா பெயர். ஒவ்வொன்றையும் ஆற அமர எழுதினார். ஒன்பது வரி சொல்கிறவன் இன்றைக்கு ஒற்றைச் சொல்லாகச் சொன்னான். ஆனாலும் நேரம் நகர்ந்தால்தானே!

"நிபந்தனை ஏதாவது?"

"என் பக்கம் இல்ல ஃபாதர். போட்ட கையெழுத்தையும் திருப்பி வாங்கிக்கறேன். அவ வேலையை விடச் சொல்ல மாட்டேன்னு வாக்குறுதியா எழுதித் தர்றேன்." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "அவ இன்னைக்கு வேண்டாம்னு சொல்லியிருந்தா, காத்திருப்பேன். எத்தனை தவக்காலம் வந்தாலும் காத்திருப்பேன். அதையும் எழுதிக்குங்க."

"அதை எழுத இதுல இடம் இல்ல தம்பி."

"அவ என்ன சொன்னா ஃபாதர்?"

"ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட நான் சொல்ல மாட்டேன்." சாமியார் ஃபைலை மூடினார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நாளைய பூசை அறிவிப்புகளின் அடியில் எழுத ஆரம்பித்தார். தலைகீழாக இருந்தாலும் அவனுக்குப் படிக்க முடிந்தது. முதல் ஓலை என்று எழுதி, அதற்குக் கீழே அவன் பெயர், அதற்குப் பக்கத்தில் அவள் பெயர்.

எப்படி வெளியே வந்தான், எத்தனை படி தாண்டினான் என்று அவனுக்கே தெரியாது. கறார் கோவில் சைக்கிள் நிறுத்தத்தில், தன் வண்டியின் மேல் சாய்ந்து நின்றிருந்தாள்.

"அந்த வரியை எடுத்துட்டியா?" மூச்சு இரைத்தது. "யாராவது ஏதாவது சொன்னாங்களா? எங்கம்மாவா?"

"உங்க அம்மாவை எங்கே பேச விட்டேன்? நீங்களும் ஒரு வார்த்தை கேக்கல. அஞ்சு நாளும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எனக்குப் பயமா இருந்துது. பேசாம இருக்கறதுக்காக நீங்க எதையாவது முழுங்கிடுவீங்களோன்னு."

"அப்புறம் எப்படி?"

"அக்காகிட்ட போனேன். 'இந்த மாதிரி ஒரு காகிதம் உன்கிட்ட இருந்திருந்தா, அன்னைக்கு மாமாவை விட்டுட்டு வந்திருப்பியா?'ன்னு கேட்டேன். 'வந்திருக்க மாட்டேன்டி, எனக்கு அவரைப் பிடிக்கும்'னா. 'விட்டுட்டு வந்திருக்க வேண்டாம். சண்டை போட்டிருக்கணும். நான் ஒரு நாள்கூடச் சண்டை போடல'ன்னா." கறாரின் கண் மின்னியது. "நேத்து போட்டிருக்கா. ஏழு வருஷத்துக்கும் சேர்த்து. மாமா அரண்டு போயிட்டாராம். இன்னைக்குக் காலையில சீருடையைப் பெட்டியில இருந்து எடுத்திருக்கா. இடுப்புல ஏறலயாம், தையல்காரர்கிட்ட அவரே கொண்டுபோய்க் கொடுத்திருக்காரு."

மெக்கானிக்குக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் வண்டியின் மணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ரொம்பச் சந்தோஷப்படாதீங்க" என்றாள் கறார். "இந்தக் காகிதம் இருந்தவரைக்கும் உங்களுக்குச் சுலபம். தப்பு பண்ணா நான் போயிடுவேன், விஷயம் முடிஞ்சுது. இப்ப நான் எங்கேயும் போக மாட்டேன். வேலையை விடுன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க, கூடவே இருந்து சண்டை போடுவேன். சமையல்கட்டுல, கட்டில்ல, பூசைக்குப் போற வழியில, உங்களுக்குப் பல் எல்லாம் கொட்டி நானே செட் செஞ்சு மாட்டிவிட்ட அப்புறமும் போடுவேன். சாகற வரைக்கும். ஃபாதர்கிட்ட இதைத்தான் சொன்னேன். நாப்பது நிமிஷம் இதைத்தான் சொன்னேன்."

"ஃபாதர் என்ன சொன்னாரு?"

"இதுக்குப் பேருதான்மா சம்மதம்னாரு."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நம்பிவிட்டாள். போவதற்கு ஒரு வழியும் வைத்துக்கொள்ளாமல் வருகிறாள். இவ்வளவு பெரிய சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இதைக் கல்யாணத்தன்னிக்கு, கோவில்ல, எல்லாரு முன்னாடியும் சொல்லுவியா?"

"அதைத்தானே சொல்லப் போறோம்? இன்பத்திலும் துன்பத்திலும்னு" என்றாள் கறார். "அதுல துன்பம்னு ஒண்ணு வருதே, அது நான்தான்."

மெக்கானிக் சிரித்த சிரிப்பில் பாடகர் குழுவின் பாட்டு பாதியில் நின்றது. பங்கு அலுவலகத்து ஜன்னல் திறந்து, சாமியார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப்பார்த்தார்.